கட்டுக்குள் வந்த தீ அணைந்த தீயா?

கேள்வி சுருக்கமாக இது: "பெரிய காட்டுத்தீ ஒன்றைப் பற்றி நேற்று வந்த செய்தியில் 35 சதவீதம் கட்டுக்குள் வந்துவிட்டது என்றார்கள். இன்று பார்த்தால் எரிந்த பரப்பும் கூடியிருக்கிறது, சதவீதமும் 30 ஆகக் குறைந்திருக்கிறது. இத்தனை விமானங்களும் வீரர்களும் இருந்தும் ஏன் இப்படி? பக்கத்தில் இருப்பவர்கள் இந்த எண்ணை நம்பி வீட்டிலேயே இருக்கலாமா? வெளியேறியவர்கள் எப்போது திரும்பலாம்?"

யாரும் பொய் சொல்லவில்லை. அந்தச் சதவீதம் எதை அளக்கிறது என்பதைச் செய்தியில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 35 சதவீதம் என்று கேட்டதும், எரிகிற காட்டில் மூன்றில் ஒரு பங்கு அணைந்துவிட்டது என்றுதான் மனதில் படும். ஆனால் அது பரப்பின் கணக்கே இல்லை. தீயின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் மொத்த நீளத்தில் எத்தனை பங்கில் 'இதைத் தாண்டி இனி வராது' என்று களத்தில் நிற்பவர்களுக்கு நம்பிக்கை வந்திருக்கிறது என்பதுதான் அந்த எண்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தீயின் சுற்றளவு நேற்று 100 கிலோமீட்டர், அதில் 35 கிலோமீட்டர் பாதுகாப்பாகிவிட்டது. இரவில் காற்றடித்து ஒரு பக்கம் நீண்டது, இன்று சுற்றளவு 120 கிலோமீட்டர். வீரர்கள் ராத்திரி முழுக்க உழைத்து இன்னொரு கிலோமீட்டரும் முடித்துவிட்டார்கள். 120-ல் 36 என்றால் 30 சதவீதம். செய்த வேலை ஒன்றும் வீணாகவில்லை, இருந்தும் எண் இறங்கிவிட்டது. கேட்டிருந்த சங்கதி பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும்.

இதே கணக்கை மறுபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். 100 சதவீதம் என்றால் சுற்றிலும் வேலி போட்டாயிற்று என்று மட்டுமே பொருள். வேலிக்குள்ளே மரக்கட்டைகளும் வேர்களும் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கலாம். கனடாவின் ஃபோர்ட் மெக்மரி நகரத்தில் 2016 மே மாதம் நுழைந்த தீயால் ஏறத்தாழ 88,000 பேர் ஊரைக் காலிசெய்தார்கள். அந்தத் தீ கட்டுப்பாட்டுக்கு வந்ததாக அறிவித்தது அதே ஆண்டு ஜூலையில். முற்றிலும் அணைந்தது என்று அறிவித்தது 2017 ஆகஸ்டில். இடையில் ஒரு முழுக் குளிர்காலம், அதுவும் கனடாவின் குளிர்காலம், கடந்துபோயிருந்தது.

சரி, அந்தக் கோட்டை எப்படிப் போடுகிறார்கள்? இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தண்ணீர் ஊற்றி அணைப்பது ஒரு வீடு எரியும்போது சரி. ஆயிரக்கணக்கான ஏக்கரில் எரிகிற தீக்கு ஊற்றுமளவு தண்ணீர் எங்கும் கிடையாது. அங்கே செய்வது தீயைப் பட்டினி போடுவதுதான். தீக்கு முன்னால் ஒரு பட்டையான நிலத்தில் சருகு, புல், புதர், வேர் எல்லாவற்றையும் வழித்தெடுத்து, வெறும் மண் தெரியும்வரை சுரண்டிவிடுவார்கள். இதுதான் தீத்தடுப்புக் கோடு. சமநிலமாக இருந்தால் புல்டோசர் வந்து அகலமாக இழுத்துவிடும். செங்குத்தான சரிவில் கைவேலைதான். வரிசையாக இருபது பேர் நடந்துபோவார்கள். முன்னால் போகிறவர் ரம்பத்தால் மரத்தையும் புதரையும் அறுக்க, பின்னால் வருகிறவர்கள் வெட்டி, கொத்தி, வழித்துக்கொண்டே வருவார்கள். அமெரிக்க வீரர்கள் கையில் ஒருபக்கம் கோடரியும் மறுபக்கம் மண்வெட்டி போன்ற அலகும் உள்ள ஒரு கருவி இருக்கும், பெயர் புலாஸ்கி. 1910-ல் ஐடஹோ காடுகள் பற்றியெரிந்தபோது தன் ஆட்களை ஒரு சுரங்கத்துக்குள் தள்ளி, அவர்களில் பெரும்பாலோரை உயிரோடு மீட்ட வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அது. நூறாண்டு தாண்டியும் அந்தக் கருவிக்குப் பெரிய மாற்று வரவில்லை.

கோட்டை எங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள் என்பது முக்கியம். தீக்குத் தலை, விலா, வால் உண்டு. காற்று தள்ளும் திசையில் வேகமாக ஓடுவது தலை, இரண்டு பக்கமும் விலா, தீ தொடங்கிய பின்பகுதி வால். தலைக்கு நேரே போய் நின்று மறிக்க முடியாது. வெப்பமும் வேகமும் ஆளைக் கொன்றுவிடும். ஆகவே வாலருகே ஒரு சாலையிலோ ஆற்றங்கரையிலோ ஏற்கனவே கரிந்துபோன நிலத்திலோ தொடங்கி, இரண்டு விலாவையும் ஒட்டியபடி முன்னேறித் தலையை நெருக்குவார்கள். முதல் சில நாட்களில் அறிவிக்கும் சதவீதம் பெரும்பாலும் வால் பக்கத்தில் சம்பாதித்தது. தலை எந்த ஊரைப் பார்த்து ஓடுகிறதோ அந்த ஊருக்கு அந்த எண்ணால் ஒரு நிம்மதியும் இல்லை. எண்ணைப் பார்க்கிற நேரத்தில் வரைபடத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் அன்றாடம் வெளியிடும் தீ வரைபடத்தில், பாதுகாப்பான ஓரத்தைக் கறுப்பாகவும் பிடிபடாத ஓரத்தைச் சிவப்பாகவும் காட்டுவார்கள். உங்கள் பக்கம் சிவப்பாக இருந்தால், மொத்தம் 80 சதவீதம் என்றாலும் உங்களுக்கு அது பூஜ்யம்தான்.

எரிந்த பரப்பு கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போட்ட கோட்டுக்கும் வருகிற தீக்கும் நடுவே எரியாத புதர் மிச்சமிருந்தால், அது பின்னால் வினையாகும். அதனால் காற்று சாதகமாக இருக்கும் நேரம் பார்த்து வீரர்களே அதைக் கொளுத்திவிடுவார்கள். எதிர்த்தீ என்பது இதுதான். மறுநாள் செய்தியில் 'மேலும் 3,000 ஏக்கர் எரிந்தது' என்று வரும். அதில் எவ்வளவு தீ தின்றது, எவ்வளவு இவர்களே எரித்தது என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். பரப்பு கூடியது தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை. சில நாள் அதுவே அன்றைய வேலை நன்றாக நடந்ததற்கு அடையாளம்.

விமானங்களைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். தொலைக்காட்சியில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். டிசி-10 போன்ற பெரிய விமானம் ஒரே தடவையில் 35,000 லிட்டருக்கு மேல் சிவப்புக் கரைசலைக் கொட்டும். அந்தக் கரைசல் பெரும்பாலும் தண்ணீரும் உரத்தில் இருக்கும் அம்மோனியம் பாஸ்பேட் போன்ற உப்பும்தான். எங்கே கொட்டினோம் என்று விமானிக்குத் தெரிவதற்காகவே சிவப்பு நிறம். அதைத் தீயின்மேல் கொட்டுவது அரிது. தீக்கு முன்னால் உள்ள புல், மரத்தின்மேல் பூசி வேகத்தைக் குறைப்பார்கள். ஏரியில் உரசியபடியே பன்னிரண்டு நொடியில் 6,000 லிட்டர் அள்ளும் விமானங்களும் இருக்கின்றன. அவை கொட்டுவது வெறும் தண்ணீர். இரண்டுமே தரையில் உள்ளவர்களுக்கு நேரம் வாங்கித் தருகின்றன, அவ்வளவுதான். பின்னாலேயே ஆள் போய்க் கோடு போடாவிட்டால் தீ அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

காற்று பலமாக அடித்தால் விமானம் பறக்கவே முடியாது, பறந்தாலும் கொட்டியது சிதறிப்போகும். 2025 ஜனவரி 7 இரவு லாஸ் ஏஞ்சலஸில் அதுதான் நடந்தது. அதாவது மிகவும் தேவையான நேரத்தில்தான் வான்வழி உதவி கிடைக்காமல் போகும். இரண்டு நாள் கழித்து ஒரு ட்ரோன் அங்கே நீர் அள்ளும் விமானம் ஒன்றின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது, விமானம் சில நாட்களுக்குத் தரையில் நின்றது. வேடிக்கை பார்க்க ட்ரோன் விடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வானத்தில் அடையாளம் தெரியாத ஒரு ட்ரோன் தெரிந்தாலே எல்லா விமானங்களையும் இறக்கிவிடுவார்கள்.

அடுத்து காற்று. காட்டுத்தீயின் நடத்தையை முடிவுசெய்பவை மூன்று: எரிபொருள், நிலத்தின் சரிவு, வானிலை. முதல் இரண்டும் முன்கூட்டியே தெரியும். மேட்டை நோக்கி ஏறும் தீ, சரிவு பத்துப் பாகை கூடக்கூட ஏறக்குறைய இரு மடங்கு வேகமெடுக்கும். மேலே உள்ள செடிகளைத் தீநாக்கு முன்னதாகவே காயவைத்துவிடுவதுதான் காரணம். மலை உச்சியில் வீடு வைத்திருப்பவர்கள், தீ கீழேதானே இருக்கிறது என்று இருந்துவிடக் கூடாது. மூன்றாவதான வானிலைதான் ஆட்டத்தைக் கலைப்பது, அதிலும் காற்று திசைமாறும் அந்த ஒரு மணி நேரம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2009 பிப்ரவரி 7 அன்று 173 பேர் இறந்தார்கள். அன்று பகல் முழுக்க வடமேற்குக் காற்று தீயைத் தென்கிழக்காக நீளமான நாக்கு போலத் தள்ளிக்கொண்டு போனது. மாலையில் தென்மேற்குக் காற்று வந்தது. அந்த நீண்ட நாக்கின் விலா முழுவதும் ஒரே வீச்சில் தலையாக மாறியது. பல கிலோமீட்டர் அகலத்துக்கு, அதுவரை பக்கவாட்டில் பேசாமல் இருந்த தீ முன்னால் பாய ஆரம்பித்தது. அதே நாளில் பறந்த கங்குகள் தீமுனையைவிடப் பல கிலோமீட்டர் முன்னால் போய் விழுந்து புதுத் தீயை மூட்டின. மரப்பட்டைதான் இதற்கு வாகனம். யூகலிப்டஸ் பட்டை உரிந்து எரிந்தபடியே பட்டம் போலப் பறக்கும். இப்படிப் பறக்கும் கங்குக்கு முன்னால் நாலு மீட்டர் அகலக் கோடு என்ன செய்யும்? அகலமான நெடுஞ்சாலையையும் ஆற்றையும்கூட அது தாண்டிவிடும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் 2013 ஜூன் 30 அன்று, யார்னெல் என்ற ஊருக்கருகே இடிமழை மேகத்திலிருந்து இறங்கிய காற்று தீயைத் திருப்பிவிட்டதில் ஒரே குழுவைச் சேர்ந்த 19 தேர்ந்த வீரர்கள் இறந்தார்கள். 'வீரர்கள் பின்வாங்கினார்கள்' என்ற செய்தியைப் படித்துக் கோபப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்காக ஓர் ஆளை இழப்பதில்லை என்பது அந்தத் தொழிலின் விதி. கோட்டில் இறங்குவதற்கு முன்பே தப்பிக்கும் வழி எது, ஒதுங்கும் இடம் எது, மேட்டில் நின்று தீயைக் கவனிப்பவர் யார் என்பதெல்லாம் முடிவாகியிருக்க வேண்டும்.

இரவில் காற்று ஓய்ந்து, ஈரப்பதம் ஏறி, தீ படுத்துக்கொள்ளும். பெரும்பாலான கோடுவேலை முன்னேறுவது அப்போதும் விடியலிலும்தான். பிற்பகலில் மறுபடி எழும். ஆகவே காலை ஏழு மணி அறிக்கையில் உள்ள எண்ணை வைத்து மதியம் மூன்று மணிக்கு முடிவெடுக்கக் கூடாது. இரவிலும் அடங்காத தீ என்றால் அதை வேறு வகையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கோடு போட்டு முடித்த பிறகுதான் யாரும் படமெடுக்காத வேலை ஆரம்பிக்கிறது. கரிந்த நிலத்துக்குள் திரும்பிப் போய், ஒவ்வொரு அடிமரத்தையும் சாம்பல் மேட்டையும் கிளறி, தண்ணீர் விட்டு, மறுபடி கிளறி, கையுறையைக் கழற்றிப் புறங்கையை அருகே வைத்து வெப்பம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வெப்பத்தைக் காட்டும் கேமராக்கள் இப்போது உதவுகின்றன, ஆனாலும் மண்ணுக்கடியில் வேரில் புகைவது எல்லாம் அதில் தெரியாது. நெருப்பிலும் கடனிலும் பகையிலும் மிச்சம் வைக்காதே என்று நம்மில் சொல்வதுண்டு. நீறு பூத்த நெருப்பு என்ற சொல்லை நாம் பெரும்பாலும் மனிதர்களின் கோபத்துக்குத்தான் பயன்படுத்துகிறோம், ஆனால் காட்டில் அது நேர்ப்பொருளிலேயே கொல்லும்.

ஹவாயின் லஹைனாவில் 2023 ஆகஸ்ட் 8 காலை, அறுந்து விழுந்த மின்கம்பியால் புல்லில் தீப்பிடித்தது. ஒன்பது மணிக்கு முன்பாகவே 100 சதவீதம் கட்டுக்குள் என்று அறிவித்துவிட்டார்கள். வீரர்கள் மணிக்கணக்கில் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கிளம்பினார்கள். மூன்று மணிக்குள் அதே இடத்திலிருந்து மறுபடி தீ கிளம்பியது. பலத்த காற்றில் ஊரே போனது, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். காலையில் எரிந்ததன் மிச்சம்தான் பிற்பகலில் எழுந்தது என்று விசாரணை முடிவும் சொன்னது. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 1991 அக்டோபர் 19 அன்று ஒரு சிறிய புல்தீயை அடக்கினார்கள். மறுநாள் வறண்ட காற்றில் அது எழுந்து 25 பேரைக் கொன்று, ஏறத்தாழ 3,000 வீடுகளை அழித்தது. 2025-ல் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் பகுதியை எரித்த தீயும், புத்தாண்டு அன்று எட்டு ஏக்கரில் எரிந்து அடக்கப்பட்ட தீயின் மிச்சம் ஆறு நாள் மண்ணுக்கடியில் கிடந்து எழுந்ததே என்று அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் சொல்கிறார்கள். நியூ மெக்சிகோவில் 2022 ஜனவரியில் வனத்துறையே குவித்து எரித்த கட்டைக் குவியல், பனிக்கடியில் மூன்று மாதம் கிடந்து ஏப்ரலில் எழுந்தது. இன்னொரு தீயோடு சேர்ந்து 3,41,000 ஏக்கர் எரிந்தது.

இத்தனையும் சொன்னது மக்களின் பாதுகாப்புக்கு வருவதற்காகத்தான். வீட்டில் இருக்கலாமா போகலாமா என்பதை முடிவுசெய்ய அந்தச் சதவீதம் சற்றும் உதவாது. பார்க்க வேண்டியவை: உங்கள் பகுதிக்கு வெளியேற்ற உத்தரவோ எச்சரிக்கையோ இருக்கிறதா, உங்கள் பக்கத்துத் தீயோரம் பிடிபட்டதா, அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் காற்று எந்தப் பக்கம், வெளியே போக எத்தனை சாலை.

எச்சரிக்கைக்கும் உத்தரவுக்கும் வேறுபாடு உண்டு. எச்சரிக்கை என்றால் எந்த நிமிடமும் கிளம்பும்படி தயாராக இருங்கள் என்று பொருள். உத்தரவு என்றால் இப்போதே போங்கள், பை கட்ட நேரமில்லை. ஆஸ்திரேலியாவில் இதையே தகவல், கவனித்துச் செயல்படு, அவசர எச்சரிக்கை என்று மூன்று படியாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களே. ஊர் எதுவானாலும் முதியவர், குழந்தை, நோயாளி, கர்ப்பிணி, கால்நடை இருக்கும் வீடு எச்சரிக்கை வந்ததுமே கிளம்பிவிட வேண்டும். மற்றவர்களும் அப்படியே செய்தால் நல்லது என்பது என் கருத்து.

காரணம் இருக்கிறது. கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் இப்படியொரு நாளுக்காகவே திட்டமிட்டிருந்த ஊர். ஊரை மண்டலங்களாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகக் காலிசெய்வது என்று ஏற்பாடு. 2018 நவம்பர் 8 அன்று காலை ஆறரை மணிவாக்கில் சில மைல் தள்ளித் தொடங்கிய தீ, எட்டு மணியளவில் ஊருக்குள் வந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக என்ற திட்டத்துக்கு அவகாசமே இல்லை. இருபத்தாறாயிரம் பேர் வாழ்ந்த ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் சில சாலைகளில் இறங்கியது. 85 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் வயதானவர்கள்.

உத்தரவு வரும்வரை காத்திருக்கலாம் என்பதற்கும் ஒரு பதில் உண்டு. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே உள்ள ஆல்டடீனாவில் தீ தொடங்கியது மாலை ஆறு மணிக்குப் பிறகு. ஊரின் மேற்குப் பகுதிக்கு வெளியேற்ற உத்தரவு போனது அதிகாலை மூன்றரை மணியை ஒட்டி. அந்தத் தீயில் இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்த மேற்குப் பகுதிக்காரர்கள். இதற்கு நேர்மாறான கூத்தும் அதே வாரத்தில் நடந்தது. ஒரு சிறு பகுதிக்கு அனுப்ப வேண்டிய எச்சரிக்கை, தவறுதலாக லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி முழுவதும் உள்ள ஏறத்தாழ ஒரு கோடிப் பேரின் கைபேசிக்குப் போனது. லஹைனாவில் சைரன்கள் ஒலிக்கவே இல்லை. மின்சாரமும் கைபேசித் தொடர்பும் போய்விட்டதால் பலருக்குக் குறுஞ்செய்தியும் எட்டவில்லை. ஆகவே கைபேசி ஒன்றையே நம்பியிருக்காதீர்கள். பேட்டரி வானொலி ஒன்று, பக்கத்து வீட்டாரோடு 'நீ கிளம்பினால் என் கதவைத் தட்டு' என்ற ஓர் ஒப்பந்தம், கூடவே உங்கள் சொந்தக் கண். புகை அடர்ந்து, சாம்பலும் கங்கும் முற்றத்தில் விழ ஆரம்பித்தால், உத்தரவு வரவில்லை என்றாலும் போய்விடுங்கள்.

கிளம்பும்போது செய்ய வேண்டியது அதிகமில்லை. ஜன்னல், கதவுகளை மூடுங்கள், பூட்ட வேண்டாம். எரிவாயுவை மூடுங்கள். வாசலில் கிடக்கும் மிதியடி, பிளாஸ்டிக் நாற்காலி, விறகு போன்றவற்றைச் சுவரிலிருந்து தள்ளி எறியுங்கள். பெரும்பாலான வீடுகள் எரிவது தீச்சுவர் வந்து மோதி அல்ல; கூரை இடுக்கிலும் காற்றுத் துவாரத்திலும் சுவரோரச் சருகிலும் ஒரு கங்கு புகுந்து, மெதுவாகப் பிடித்து எரிபவையே அதிகம். சுவரைச் சுற்றி முதல் ஒன்றரை மீட்டருக்கு எரியக்கூடியது ஒன்றும் இல்லாமல் வைத்திருப்பது, தீ வரும் நாளில் எந்தக் குழாயையும்விட உதவும். குழாய் என்றதும் ஞாபகம் வருகிறது: கூரையில் தண்ணீர் தெளிப்பானைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள். நகரத்துக் குடிநீர்க் குழாய்கள் ஒன்றிரண்டு வீடு எரிந்தால் அணைக்கும் கணக்கில் போட்டவை. ஆயிரம் பேர் திறந்துவிட்டால் தெருமுனைத் தீயணைப்புக் குழாயில் அழுத்தம் இருக்காது.

வழியில் தீ சூழ்ந்துகொண்டால் வண்டியை விட்டு ஓடாதீர்கள். செடி, மரம் இல்லாத வெட்டவெளியில், முடிந்தால் ஏற்கனவே எரிந்த நிலத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, காற்றுத் துவாரங்களை மூடி, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து கம்பளிப் போர்வையால் போர்த்திக்கொள்ளுங்கள். கம்பளி அல்லது கனமான பருத்தி வேண்டும், நைலான் உருகித் தோலில் ஒட்டும். கொல்வது பெரும்பாலும் தீயின் வெப்பக் கதிர். அதை மறைக்க உலோகமும் கம்பளியும் உதவும். தீமுனை கடந்துபோக ஆகும் சில நிமிடங்கள் யுகமாகத் தோன்றும். இது கடைசி வழி, நல்ல வழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தீ எட்டாத ஊர்களுக்கும் புகை போகும். அதில் உள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு, நுரையீரலின் ஆழத்துக்குள் போய்விடும். ஈரத்துணியும் சாதாரண அறுவை முகக்கவசமும் இதைத் தடுக்காது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 தடுக்கும். வீட்டில் ஒரே ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து மூடி, ஏசி இருந்தால் வெளிக்காற்று எடுக்காதபடி வைத்து, காற்றுச் சுத்திகரிப்பானை அங்கே ஓடவிடுங்கள். ஊதுபத்தி, பொரியல் எல்லாம் அந்த நாட்களில் வேண்டாம். ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள் தீயிலிருந்து எத்தனை தூரத்தில் இருந்தாலும் காற்றுத் தர அளவைத் தினம் பார்க்க வேண்டும்.

இனி திரும்புவது. 100 சதவீதம் ஆகும்வரை காத்திருக்க வைக்க மாட்டார்கள், பெரும்பாலும் அதற்கு முன்பே பகுதி பகுதியாகத் திறப்பார்கள். எதைப் பார்த்துத் திறக்கிறார்கள்? அந்தப் பக்கத்துக் கோடு பிடித்து நிற்கிறதா, அறுந்த மின்கம்பிகளை அகற்றினார்களா, எரிவாயு கசிவு இல்லையா, சாலையோரத்தில் அடிவேர் எரிந்து நிற்கும் மரங்களை வெட்டியாயிற்றா, காணாமல் போனவர்களைத் தேடி முடித்தார்களா என்பவற்றை. 'தீ எங்கள் தெருப் பக்கமே வரவில்லை, ஏன் தடுக்கிறீர்கள்?' என்று தடுப்புச் சாவடியில் நடக்கும் சண்டைகளுக்குப் பெரும்பாலும் அந்த மரங்கள்தான் பதில். பார்க்க முழுதாக நிற்கும், காற்றே இல்லாமல் சத்தமின்றிச் சாயும்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று விஷயங்களில் ஏமாந்துவிடுகிறார்கள். ஒன்று சாம்பல். காட்டுச் சாம்பல் வேறு, வீடு எரிந்த சாம்பல் வேறு. பின்னதில் ஈயம், கல்நார், உருகிய பேட்டரி எல்லாம் இருக்கும். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கிக் காற்றில் கிளப்பாமல், நனைத்து, கவசம் போட்டு அள்ள வேண்டும். இரண்டாவது தண்ணீர். அழுத்தம் இழந்த குழாய்கள் புகையையும் உருகிய பிளாஸ்டிக்கின் நஞ்சையும் உறிஞ்சிக்கொள்ளும். கலிபோர்னியாவில் 2017-ல் எரிந்த சான்டா ரோசாவிலும் அடுத்த ஆண்டு எரிந்த பாரடைஸிலும் குழாய்நீரில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். இதைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். காய்ச்சினால் அது ஆவியாகி அந்தச் சமையலறையிலேயே உங்கள் மூச்சில் ஏறும். 'குடிக்க வேண்டாம்' என்ற அறிவிப்பு இருக்கும்வரை பாட்டில் தண்ணீர்தான்.

மூன்றாவது மழை. தீயை அணைக்க எல்லோரும் வேண்டிக்கொண்ட அதே மழை. மரமும் வேரும் போன சரிவில் மண்ணின் மேற்பரப்பு மெழுகு பூசியது போலாகித் தண்ணீரை உள்ளே விடாது; அரை மணி நேரக் கனமழை போதும், பாறையும் சேறும் மரமுமாக இறங்கிவிடும். 2017 டிசம்பரில் தெற்குக் கலிபோர்னியாவில் எரிந்த தாமஸ் தீயில் 2,81,000 ஏக்கருக்கு மேல் போனது. 2018 ஜனவரி 9 அதிகாலையில் அந்தக் கரிந்த மலைமேல் மழை கொட்டியது. கீழே மான்டெசிட்டோ ஊரில் சேறு இறங்கி 23 பேர் இறந்தார்கள். தாமஸ் தீ 100 சதவீதம் கட்டுக்குள் வந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது அதற்கு மூன்று நாள் கழித்து, ஜனவரி 12-ல்.